படிப்பதற்கு முன்பே கட்டுரைக்குச் சட்டகம் போடுவது ஏமாற்று வேலையா?

கடலூரிலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார். பெயரும் கல்லூரியும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிடுகிறேன். மஞ்சக்குப்பத்தில் வீடு. புதுச்சேரியில் எம்.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு. தினமும் பஸ்ஸில் போய்வருகிறார். ஆறு வாரத்துக்குள் 4,000 சொற்களில் ஓர் ஆய்வுக் கட்டுரை தர வேண்டும். தலைப்பு: 'புதுச்சேரி ஆலைத் தொழிலாளர் போராட்டமும் எட்டு மணி நேர வேலையும்'. கடலூர் சாலையில் பஸ் ஏ.எஃப்.டி. மில்லைத் தாண்டும்போதெல்லாம், அது ரோடியர் மில்லாக இருந்த காலத்தில் அங்கே தறி ஓட்டிய கொள்ளுத்தாத்தாவின் நினைவு வருமாம். அதனால் அவராகவே விரும்பி எடுத்த தலைப்பு.

அவருடைய கைடு ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: நூலகத்தில் உட்காருவதற்கு முன்னால் கட்டுரையின் சட்டகத்தை ஒரு பக்கத்தில் எழுதிக் காட்ட வேண்டும். இங்கேதான் மாணவிக்கு மனம் ஒப்பவில்லை. "எதையுமே படிக்காமல் கட்டுரையில் என்ன வரும் என்று எப்படிச் சொல்ல முடியும் சார்? முடிவை முதலில் எழுதிவிட்டு அதற்கு ஆதாரம் தேடுவது ஏமாற்று வேலை இல்லையா?" என்று கேட்கிறார். ஏற்கெனவே ஒரு பை நிறைய ஜெராக்ஸ் சேர்த்துவிட்டார். 'எல்லாவற்றையும் படித்து முடி, சட்டகம் தானாக வரும்' என்கிறாள் ஒரு தோழி. 'பிராஜெக்ட் சென்டரில் பணம் கொடுத்தால் சட்டகத்தோடு கட்டுரையே கிடைக்கும், பத்து சதவீதம் வரை காப்பி அடிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யே சொல்லியிருக்கிறது' என்கிறாள் இன்னொருத்தி. கொள்ளுத்தாத்தா பற்றி வீட்டில் சொல்லும் கதைகளைக் கட்டுரையில் சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

இனி உங்களிடமே பேசுகிறேன்.

முதலில், உங்கள் தயக்கத்தை நான் மதிக்கிறேன். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு ஆதாரம் பொறுக்குவது தவறு என்று யாரும் சொல்லாமலே உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. ஆய்வு செய்பவருக்கு முதலில் வேண்டிய குணம் அதுதான். ஆனால் உங்கள் கைடு முடிவை எழுதிக் கொண்டுவரச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. கேள்விகளை எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். படிப்பதற்கு முன் போடும் சட்டகம் என்பது, எதைத் தேடப் போகிறோம், எந்த வரிசையில் தேடப் போகிறோம், எங்கே கிடைக்கும் என்பதை எழுதிவைப்பது. என்ன கிடைக்கும் என்பது அதில் வராது.

நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய வரைவைப் பார்த்தேன். முன்னுரை, பிரெஞ்சுக்காரர் வருகை, ஆலைகளின் தோற்றம், தொழிலாளர் நிலை, போராட்டம், துப்பாக்கிச் சூடு, எட்டு மணி நேர வேலை, முடிவுரை. இதில் தவறான வரி ஒன்றுகூட இல்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனால் எந்தப் புத்தகத்தை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாது. 'பிரெஞ்சுக்காரர் வருகை' என்ற ஒரு வரி உங்களைப் பதினேழாம் நூற்றாண்டுக்கு இழுத்துப்போய்விடும். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பைப் புரட்டிக்கொண்டிருப்பீர்கள். அருமையான நூல்தான், ஆனால் 1736இல் தொடங்கும் அந்த நாட்குறிப்புக்கும் 1936இல் நடந்த வேலைநிறுத்தத்துக்கும் நடுவே இருநூறு வருடம் கிடக்கிறது. உங்கள் பையில் இருக்கும் ஜெராக்ஸில் பாதி இப்படிச் சேர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

தலைப்பைக் கேள்வியாக மாற்றுங்கள்

உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவை சில உண்டு. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியின் சவானா மில்லில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, பன்னிரண்டு பேர் உயிரிழந்தார்கள். 1937 ஏப்ரல் 6 அன்று பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை ஆணையாக வந்தது. வ. சுப்பையா தொழிலாளர் தலைவராக முன்னின்றார். இவ்வளவும் புதுச்சேரியில் பள்ளிப் பிள்ளைகளே சொல்வார்கள். இதையே நீட்டி 4,000 சொல் எழுதினால் அது தகவல் தொகுப்பு. ஆய்வுக் கட்டுரை ஆகாது.

அந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவே எட்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. சுட்ட மறுவாரமே ஆணை வந்துவிடவில்லை. அந்த எட்டு மாதத்தில் என்ன நடந்தது? முடிவு எங்கே எடுக்கப்பட்டது, புதுச்சேரி கவர்னர் மாளிகையிலா, பாரிஸிலா? அதே 1936 ஜூனில்தான் பிரான்சில் லியோன் ப்ளூம் தலைமையில் இடதுசாரிக் கூட்டணியான மக்கள் முன்னணி அரசு பதவிக்கு வந்தது. அங்கேயும் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள் உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த மாதமே வாரத்துக்கு நாற்பது மணி நேர வேலைச் சட்டமும் அங்கே நிறைவேறியது. அப்படியானால் எட்டு மணி நேரத்தைப் பெற்றுத் தந்தது புதுச்சேரித் தெருவில் சிந்திய ரத்தமா, பாரிஸில் மாறிய அரசா, இரண்டும் சேர்ந்தா?

இதுதான் கேள்வி. இதற்கு விடை உங்களுக்கு இன்னும் தெரியாது, ஆனாலும் கேட்க முடிகிறது பாருங்கள். இதைக் கேட்பதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் தேவைப்படவில்லை, இரண்டு தேதியும் ஒரு அரசாங்க மாற்றமும்தான். எதையுமே படிக்காமல் சட்டகம் போட முடியாது என்பது உண்மை. அதனால் முதல் இரண்டு நாள் ஒரு பொது வரலாற்று நூலில் இந்த அத்தியாயத்தை மட்டும், ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரையை மட்டும் படியுங்கள். குறிப்பு எடுக்க வேண்டாம். கேள்வி பிறக்கும் அளவுக்குத் தெரிந்தால் போதும். உங்கள் கைடு கேட்பது அதற்குப் பிறகு வரும் ஒரு பக்கத்தைத்தான்.

அந்த ஒரு பக்கம் எப்படி இருக்கலாம்

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படி எழுதுவேன். தொடக்கத்தில் கேள்வியும் அது ஏன் முக்கியம் என்பதும், 300 சொல். அடுத்து, 1936க்கு முன் ஆலைகளில் வேலை நேரமும் கூலியும் எப்படி இருந்தன, முந்தைய ஆண்டின் வேலைநிறுத்தம் எதைச் சாதித்தது, 700 சொல். மூன்றாவது, 1936 ஜூலைக்கும் 1937 ஏப்ரலுக்கும் நடுவே முடிவெடுத்தவர்கள் யார், 1,200 சொல். கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நான்காவது, ஆணை காகிதத்தில் நின்றதா, ஆலைக்குள் நடைமுறைக்கு வந்ததா, 1,100 சொல். ஐந்தாவது, எல்லைக்கு அந்தப்பக்கம் பிரிட்டிஷ் இந்தியாவில் நிலைமை என்ன, 500 சொல். கடைசியில் கேள்விக்குக் கிடைத்த விடை, 200 சொல்.

சொல் எண்ணிக்கையைப் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எண் போடாத சட்டகத்தில் பின்னணி வீங்கிக்கொண்டே போகும். பக்கம் பக்கமாக ஆலைகளின் தோற்றம் எழுதிவிட்டு, முக்கியமான பகுதிக்கு வரும்போது இடமும் இல்லை, நாளும் இல்லை என்று நிற்கும் மாணவர்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

ஐந்தாவது பகுதியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் அது கடலூர்க்காரரான உங்களுக்கே உரிய பகுதி. உங்கள் வரைவில் 'ஆசியாவிலேயே முதன்முதலாக எட்டு மணி நேர வேலை' என்று முடிவாகவே எழுதிவிட்டீர்கள். மேடையில் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் நீங்கள் பயந்த தவறு, முடிவை முதலில் எழுதும் தவறு, உங்கள் வரைவில் இந்த ஒரு வரியில்தான் நடந்திருக்கிறது. சோவியத் அரசு 1917இலேயே எட்டு மணி நேர ஆணை போட்டது. அந்த நாட்டின் பெரும்பகுதி நிலம் ஆசியாவில்தான் இருக்கிறது. அதை எப்படிக் கணக்கில் எடுப்பீர்கள்? பிரிட்டிஷ் இந்தியாவோடு ஒப்பிட்டால் உறுதியாகப் பேசலாம். 1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய முதல் உடன்படிக்கையே எட்டு மணி நேரம் பற்றியதுதான், ஆனால் அதில் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வாரத்துக்கு 60 மணி நேரம் என்று விலக்கு கொடுத்தார்கள். 1934ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஆண்டு முழுவதும் ஓடும் ஆலைகளுக்கு நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி என்று வரம்பு வைத்தது. அதாவது 1937இல், நீங்கள் இன்று ஒரே பஸ்ஸில் கடக்கும் தூரத்துக்குள் இரண்டு சட்டம் இருந்தது. பெண்ணையாற்றுக்கு இந்தப்பக்கம், அன்று பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த உங்கள் கடலூர்ப் பகுதியில், நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் வேலை செய்தவருக்கு அன்று எத்தனை மணி நேரம்? புதுச்சேரிச் செய்தி இங்கே எட்டியபோது யாராவது அதே உரிமையைக் கேட்டார்களா? விடை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனால் 'ஆசியாவிலேயே முதல்' என்ற வரியைவிட இந்தக் கேள்விக்கு மதிப்பு அதிகம்.

உங்கள் பயத்துக்கு ஒரு காப்பு

சட்டகம் போட்டவுடன் அதற்குப் பிடித்ததை மட்டுமே கண் பொறுக்கும் என்ற ஆபத்து உண்மையானது. அதற்கு வழி, ஒவ்வொரு பகுதிக்குக் கீழேயும் 'எது கிடைத்தால் நான் இதை மாற்றிக்கொள்வேன்' என்று ஒரு வரி எழுதிவைப்பது. உதாரணமாக, மூன்றாவது பகுதியில் உங்கள் ஊகம் 'பாரிஸ் அரசு மாறியதுதான் முதல் காரணம்' என்றால் கீழே இப்படி எழுதுங்கள்: '1936 ஜூனுக்கு முன்பே எட்டு மணி நேரத்துக்கு ஒப்புக்கொண்ட கடிதமோ பேச்சுவார்த்தைக் குறிப்போ கிடைத்தால் இந்த வாதம் நிற்காது.' பிறகு அந்தக் கடிதத்தைத்தான் முதலில் தேட வேண்டும். கிடைக்கவில்லை என்றால் உங்கள் வாதத்துக்குப் பலம். கிடைத்தால் இன்னும் நல்ல கட்டுரை.

உங்கள் தோழி சொன்ன வழியை, அதாவது எல்லாம் படித்துவிட்டுச் சட்டகம் போடுவதை, முழுக்கத் தள்ளிவிடவும் மாட்டேன். முனைவர் பட்டம் போல மூன்று நான்கு வருடம் கையில் இருந்தால், தலைப்பில் யாரும் கைவைக்காதது என்றால், அகலப் படித்துவிட்டு வடிவம் தேடலாம். சிலருக்கு முதலில் மனம்போனபடி எழுதித் தள்ளினால்தான் யோசனையே ஓடும். அவர்கள் எழுதியபின் பத்தி பத்தியாகப் பார்த்துச் சட்டகத்தை உருவி எடுத்து அடுக்குவார்கள். அதுவும் வழிதான். உங்களுக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது, நடுவே வகுப்பும் பஸ் பயணமும் இருக்கிறது. முதல் வாரம் சட்டகம், மூன்று வாரம் படிப்பு, இரண்டு வாரம் எழுத்து என்று பிரித்துக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்ததும் ஒரு மாலை உட்கார்ந்து சட்டகத்தைப் புதிதாக எழுதுங்கள். பழையதும் புதியதும் ஒரே மாதிரி இருந்தால் நீங்கள் சரியாகப் படிக்கவில்லை என்று சந்தேகப்படலாம்.

மூலங்கள் எங்கே, எந்த மொழியில்

முன்கூட்டியே சட்டகம் போடுவதால் கிடைக்கும் பெரிய நன்மை இது. ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே 'விடை எங்கே இருக்கும்' என்று எழுதும்போதே, எது உங்கள் கைக்கு எட்டும், எது எட்டாது என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். உங்கள் மூன்றாவது பகுதிக்கான கோப்புகள் பிரெஞ்சில் இருக்கும். குடியேற்ற நாடுகளின் ஆவணங்களில் பெரும்பகுதி பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரக் காப்பகத்தில் இருக்கிறது. அங்கே நீங்கள் போக முடியாது. ஆனால் புதுச்சேரியிலேயே தேசிய ஆவணக் காப்பகத்தின் பதிவு மையம் இருக்கிறது. ரோமன் ரோலண்டு நூலகம் 1827இல் தொடங்கியது, பழைய பிரெஞ்சு நூல்கள் அங்கே உண்டு. 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் நூலகம் கடற்கரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கல்லூரிக் கடிதத்தோடு போய்க் கேளுங்கள். பிரான்ஸ் தேசிய நூலகத்தின் கல்லிகா இணையத் தொகுப்பில் 1936ஆம் ஆண்டுப் பாரிஸ் செய்தித்தாள்கள் பல இலவசமாகக் கிடைக்கின்றன.

பிரெஞ்சு தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் இரண்டில் ஒன்றை இப்போதே முடிவு செய்யுங்கள். பிரெஞ்சு படிக்கும் தோழி ஒருவரின் உதவியோடு நாலைந்து முக்கிய ஆவணங்களை மட்டும் பார்ப்பது, அந்த உதவியைக் கட்டுரையிலேயே வெளிப்படையாகச் சொல்வது. இல்லையென்றால் கேள்வியையே தமிழ், ஆங்கில மூலங்களால் விடை காணக்கூடியதாக மாற்றுவது: உதாரணமாக, சென்னைப் பத்திரிகைகள் இந்தப் போராட்டத்தை எப்படி எழுதின என்பது. எனக்குக் கேட்டால் இரண்டாவது பாதுகாப்பானது, முதலாவது நல்லது. மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு வந்ததை அப்படியே மேற்கோள் காட்டுவது மட்டும் வேண்டாம்.

அந்த ஜெராக்ஸ் பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எடுத்து ஒவ்வொன்றின் முதல் பக்கத்தைப் பாருங்கள். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, எந்த நூலகம் என்று எழுதியிருக்கிறதா? 143இலிருந்து 160வரை பக்கம் இருக்கும், எந்தப் புத்தகம் என்று இருக்காது. அடிக்குறிப்பு போடும் இரவில் அந்தப் பக்கங்கள் எதற்கும் உதவா. இன்றே நினைவில் இருக்கும்வரை எழுதுங்கள். பிறகு சட்டகத்தின் பகுதி எண்ணை ஒவ்வொரு கட்டின் மூலையிலும் போடுங்கள். எந்த எண்ணும் பொருந்தாத கட்டைத் தனியே எடுத்து வையுங்கள். மனசு கேட்காது, ஆனாலும் எடுத்து வையுங்கள்.

கொள்ளுத்தாத்தாவின் கதை

சேர்க்கலாம், சேர்க்க வேண்டும். ஆனால் அது எந்த வகைச் சான்று என்று தெரிந்து சேர்க்க வேண்டும். அவரே சொல்லி நீங்கள் கேட்டதல்ல; அவர் தன் மகளான உங்கள் பாட்டியிடம் சொல்லி, பாட்டி உங்கள் அப்பாவிடம் சொல்லி, உங்களிடம் வந்தது. மூன்று வாய் மாறிய நினைவு. மேலும் துப்பாக்கிச் சூடு நடந்தது சவானாவில், அவர் வேலை பார்த்தது ரோடியரில். அன்று அவர் அங்கே இருந்தாரா என்பதையே நீங்கள் கேட்க வேண்டியிருக்கிறது. 'எத்தனை பேர் செத்தார்கள்' என்பதற்கு இந்த நினைவு சான்றாகாது. 'எட்டு மணி நேரம் வந்தபின் வீட்டுக்கு எப்போது வந்தார், கூலி குறைந்ததா, ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தார்' என்பதற்கு இதைவிட நல்ல சான்று எந்தக் காப்பகத்திலும் கிடைக்காது. அதனால் அதன் இடம் நான்காவது பகுதி. இதுவும் சட்டகம் இருந்தால்தான் தெரியும். இல்லாவிட்டால் முன்னுரையில் உணர்ச்சிக்காக ஒட்டிவிடுவீர்கள்.

உரிமையும் ஆபத்தும்

சட்டகம் பிறகு மாறலாமா என்று கைடிடமே நேரடியாகக் கேளுங்கள். மாறலாம் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். கொடுக்கும் பிரதியில் தேதி போட்டு அவர் கையெழுத்து வாங்கி ஒன்றை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். கேள்வியே மாறும் அளவுக்குத் திருப்பம் வந்தால் மாற்றிய பக்கத்தைக் காட்டி மறுபடியும் கையெழுத்து வாங்குங்கள். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் 'தலைப்புக்கு வெளியே போய்விட்டாய்' என்று யாராவது சொன்னால் அந்தத் தாள் உங்களுக்குத் துணை. எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதும் உங்கள் உரிமை, கூச்சப்பட வேண்டாம்.

பத்து சதவீதக் கதை தவறான புரிதல். 2018ஆம் ஆண்டு யு.ஜி.சி. கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகளில் பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை என்று இருப்பது உண்மை. சொற்றொடர்கள் இயல்பாக ஒத்துப்போகும் என்பதால் வைத்த வரம்பு அது, காப்பி அடிக்க அனுமதி இல்லை. 10இலிருந்து 40 வரை என்றால் திருத்தித் தர வேண்டும், 40இலிருந்து 60 வரை என்றால் ஓராண்டு தடை, அதற்கு மேல் போனால் பதிவே ரத்து. இது ஆய்வேடு போன்றவற்றுக்கு. அசைன்மென்ட், பாடக் கட்டுரை போன்றவற்றை அந்த விதிமுறை தன் வரையறையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. உங்கள் கட்டுரைக்கு உங்கள் கல்லூரி என்ன விதி வைத்திருக்கிறதோ அதுதான் பொருந்தும், அது இன்னும் கடுமையாகவும் இருக்கலாம். துறை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிராஜெக்ட் சென்டர் பக்கம் போகாதீர்கள். அவர்கள் தரும் சட்டகம் நீங்கள் அனுப்பிய முதல் வரைவைப் போலத்தான் இருக்கும், அதே கட்டுரை பக்கத்து வகுப்பிலும் இருக்கும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டுதான். கைடிடம் காட்ட அந்த ஒரு பக்கத்தை எழுதுங்கள். அதன் அடியில், 'பிரெஞ்சு மூலங்கள் இல்லாமல் மூன்றாவது பகுதியை எழுதலாமா' என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். உங்கள் பாட்டிக்கு எண்பத்து நான்கு வயது என்று எழுதியிருக்கிறீர்கள். நூலகத்துக்குப் போகும் முன்பு, நான்காவது பகுதிக்கான கேள்விகளை எடுத்துக்கொண்டு அவரிடம் போங்கள். அனுமதி கேட்டுவிட்டு போனில் பதிவு செய்யுங்கள், தேதியையும் இடத்தையும் பதிவின் தொடக்கத்திலேயே உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள்.